எண் மாறிய கடற்கரைச் சாலை

சென்னையிலிருந்து புதுச்சேரிக்குக் கடலோரமாகப் போகும் சாலையை நாம் எல்லோரும் ஈ.சி.ஆர். என்கிறோம். தமிழில் கிழக்குக் கடற்கரைச் சாலை. அரசு ஏட்டில் அதற்குப் பல வருஷங்களாக மாநில நெடுஞ்சாலை 49 என்று பெயர். இப்போது மாமல்லபுரத்திலிருந்து தெற்கே புதுச்சேரி வரைக்கும் அதே சாலை தேசிய நெடுஞ்சாலை 332ஏ ஆகிவிட்டது. திருவான்மியூரில் ஏறுகிறவர் ஓர் எண்ணில் ஏறி வேறோர் எண்ணில் இறங்குகிறார். பஸ் டிக்கெட்டில் இதெல்லாம் தெரியாது.

"எண் எதுவானால் என்ன, ரோடு அதே ரோடுதானே?" என்று கேட்கலாம். நான் அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். ஒரு காகிதத்தின் தலையில் இருக்கும் எண் மாறினால், அது போய்ச் சேரும் மேசை மாறும், மேசை மாறினால் பதில் மாறும் என்பதைப் பார்த்துப் பார்த்தே தலை நரைத்தவன். சாலைக்கும் அதே கதைதான். அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

பேசின் பிரிட்ஜில் உட்கார்ந்துகொண்டு புதுச்சேரி ரோட்டைப் பற்றி ஏன் எழுதுகிறாய் என்று கேட்பீர்கள். ஒன்று, நான் பிறந்து படித்தது புதுச்சேரியில். வேலைதான் இங்கே கொண்டுவந்து போட்டது. இரண்டாவது காரணம், அந்தச் சாலையின் மூதாதை நம் வீட்டு வாசலில்தான் கிடக்கிறது. பக்கிங்காம் கால்வாயைச் சொல்கிறேன்.

மதராஸின் முதல் கடற்கரைச் சாலை தண்ணீரில் இருந்தது. 1801இல் பேசில் காக்ரேன் என்ற ஆங்கிலேயர் நம் பக்கத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் ஒரு கால்வாய் வெட்ட ஆரம்பித்தார். 1806இல் அது முடிந்தது. அவர் பெயராலேயே காக்ரேன் கால்வாய் என்றார்கள். 1837இல் அரசு அதை எடுத்துக்கொண்டது. பிறகு பழவேற்காடு, துர்க்கராயப்பட்டினம், கிருஷ்ணபட்டினம் என்று வடக்கே நீண்டு ஆந்திரத்தின் பெத்த கஞ்சம் வரை போயிற்று. தாது வருஷப் பஞ்சத்தில், 1877, 78 வாக்கில், பசியால் தவித்த ஜனங்களுக்குக் கூலி கொடுப்பதற்காகக் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் துண்டை வெட்டினார்கள். 1878இல் அன்றைய ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் பெயர் கால்வாய்க்கு வைக்கப்பட்டது. தெற்கே அது மரக்காணம் வரை போகிறது. பெத்த கஞ்சத்திலிருந்து மரக்காணம் வரை சுமார் 420 கிலோமீட்டர்.

படகுகள் வந்து நிற்பதற்கு இருந்த நீர்த்துறைதான் 'பேசின்'. அதன் மேல் போட்ட பாலம் பேசின் பிரிட்ஜ். பிரெஞ்சுப் பள்ளியில் படித்த எனக்கு இந்த ஊர்ப் பெயர் முதல் நாளே பழகிய சொல்லாகத் தெரிந்தது. பிரெஞ்சில் 'பஸ்ஸேன்' என்றால் தொட்டி, துறைமுகத்தில் கப்பல் நிற்கும் நீர்நிலை. ஆங்கிலச் சொல்லே பழைய பிரெஞ்சிலிருந்து போனதுதான். ஸ்ரீஹரிகோட்டா விறகும், உப்பும், சுண்ணாம்புக் கிளிஞ்சலும், நெல்லும் படகில் வந்த காலத்தை நம் வட்டாரப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். 1965, 66 புயல்களுக்குப் பிறகு கால்வாய் தேறவில்லை. தெற்கே அதன் மேலேயே பறக்கும் ரயிலுக்குத் தூண் நட்டார்கள்.

இந்தக் கால்வாய்க்கும் ஓர் எண் உண்டு. 2008இல் காக்கிநாடாவிலிருந்து புதுச்சேரி வரையிலான கால்வாய்களையும், அவற்றோடு கோதாவரி, கிருஷ்ணா ஆறுகளின் பகுதிகளையும் சேர்த்து தேசிய நீர்வழி 4 என்று அறிவித்தார்கள். நம் பாலத்தின் மேல் நின்று கீழே பார்த்தால் கறுப்புத் தண்ணீர்தான் தெரிகிறது, படகு ஒன்றும் இல்லை. எண் மட்டும் வந்திருக்கிறது. ஆகவே எண் வந்துவிட்டால் எல்லாம் வந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். ஆனால் எண் ஒன்றும் செய்யாது என்றும் நினைக்க வேண்டாம். அதைத்தான் கீழே சொல்கிறேன்.

இனி சாலைக்கு வருவோம். மதராஸிலிருந்து புதுச்சேரிக்குப் போக அந்தக் காலத்தில் ஒரே வழிதான். பாரிமுனையில் பஸ் ஏறினால் தாம்பரம், செங்கற்பட்டு, மதுராந்தகம், திண்டிவனம், அங்கிருந்து கிழக்கே திரும்பிப் புதுச்சேரி. கடல் கண்ணிலேயே படாது. கடலோரத்து ஊர்களுக்கு ரோடு இல்லாமல் இல்லை. ஆனால் எல்லா ரோடும் மேற்கேயிருந்து கிழக்கே வரும். செங்கற்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரத்துக்கு ஒன்று, மதுராந்தகத்திலிருந்து செய்யூருக்கு ஒன்று, திண்டிவனத்திலிருந்து மரக்காணத்துக்கு ஒன்று. சீப்பின் பற்கள் மாதிரி. ஜி.எஸ்.டி. ரோடு சீப்பின் முதுகு. பல்லின் நுனியில் இருக்கும் ஒரு குப்பத்திலிருந்து அடுத்த பல்லின் நுனிக்குப் போக மணலில் நடக்க வேண்டும், அல்லது முதுகு வரைக்கும் போய்த் திரும்பி வர வேண்டும். நடுவே பாலாற்று முகத்துவாரமும் மரக்காணத்துக் கழியும் குறுக்கே கிடந்தன.

ஆனாலும் அந்தக் கரை வழியாக மனிதர்கள் நடந்தே இருக்கிறார்கள். சிறுபாணாற்றுப்படை என்ற சங்க நூல் இந்தப் பக்கத்து வழியைச் சொல்லும் நூல்தான். பாடியவர் இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார். இடைக்கழிநாடு இன்றும் ஈ.சி.ஆரில் போகும்போது வருகிற ஊர். அந்த நூலில் வரும் எயிற்பட்டினம் இன்றைய மரக்காணம் என்று ஆய்வாளர்கள் பலர் சொல்கிறார்கள். அதில் வழிக்கு எண் இல்லை. எந்த நிலம் வரும், அங்கே யார் இருப்பார்கள், என்ன சோறு போடுவார்கள் என்பதே அடையாளம். கடற்கரை வந்தால் பரதவர் வீட்டில் சுட்ட மீனும் தேறலும் கிடைக்கும் என்று சொல்லிவிட்டால் வழி தெரிந்த மாதிரிதான். ஆற்றுப்படுத்துதல் என்றால் வழிகாட்டி அனுப்புதல். அப்போது சாலையோரத்து மனிதர்களே வழிக்கு அடையாளம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பின்னால் வந்த வெளிநாட்டு வியாபாரிகள் இந்தக் கரையில் வரிசையாக இறங்கினார்கள். பழவேற்காட்டிலும் சதுரங்கப்பட்டினத்திலும் டச்சுக்காரர்கள், தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்கள், புதுச்சேரியிலும் காரைக்காலிலும் பிரெஞ்சுக்காரர்கள். கடப்பாக்கத்துக்குப் பக்கத்தில் ஆலம்பரைக் கோட்டை இருக்கிறது. 1750இல் அது டூப்ளேவின் கைக்கு வந்தது, 1760இல் ஆங்கிலேயர் இடித்தார்கள். இத்தனை கோட்டை இருந்தும் அவற்றை இணைக்கும் ஒரு ரோட்டை யாரும் போடவில்லை. அவரவருக்குக் கடலே ரோடு.

என் அப்பா காலத்தில் இந்தக் கரையில் இன்னொரு தடையும் இருந்தது. புதுச்சேரி ஒரே துண்டாக இருக்கும் ஊர் இல்லை. வடக்கேயிருந்து வந்தால் கனகசெட்டிக்குளத்தில் புதுச்சேரி எல்லை தொடங்கும். காலாப்பட்டு தாண்டியதும் மறுபடி தமிழ்நாடு. பொம்மையார்பாளையம், முதலியார்சாவடிகள், கோட்டக்குப்பம் எல்லாம் தமிழ்நாடு. முத்தியால்பேட்டை வந்தால் மறுபடி புதுச்சேரி. பிரெஞ்சு ஆட்சி இருந்தவரைக்கும் இவை இரண்டு தேசங்களின் எல்லைகள். சுங்கக்காரர் மூட்டையைப் பிரித்துப் பார்ப்பார். 1954 நவம்பர் 1இல் ஆட்சி கைமாறியது, 1962 ஆகஸ்டு 16இல் சட்டப்படி இணைப்பு முடிந்தது. சுங்கச்சாவடி போயிற்று. ஆனால் ரோட்டில் பள்ளம் விழுந்தால் காலாப்பட்டில் ஓர் அரசையும், கோட்டக்குப்பத்தில் வேறோர் அரசையும் கேட்க வேண்டிய நிலை பிறகும் இருந்தது. யாருடைய ரோடு என்ற கேள்வி அந்தச் சாலையோடு பிறந்தது.

சீப்பின் பல் நுனிகளை ஒரு கோடு போட்டு இணைத்ததுதான் கிழக்குக் கடற்கரைச் சாலை. கிராமச் சாலைகளையும் மாவட்டச் சாலைகளையும் கோத்து, விட்ட இடத்தில் புதிதாகப் போட்டு, பாலங்கள் கட்டி ஒரே வழியாக ஆக்கினார்கள். ஆசிய வளர்ச்சி வங்கியின் கடன் இதற்கு உதவியது. மரங்கள் போகின்றன, மணல்மேடுகள் போகின்றன என்று சூழல் ஆர்வலர்கள் அப்போதே குரல் கொடுத்தார்கள். 1998இல் சென்னை - புதுச்சேரி சாலை முழு வழியாகத் திறந்தது. பழைய எல்லா எண்களும் பெயர்களும் கரைந்து 49 என்ற ஒரே எண் நின்றது.

அடுத்து வந்தது தமிழ்நாடு சாலை மேம்பாட்டு நிறுவனம். அரசின் டிட்கோவும் ஐ.எல்.எஃப்.எஸ். என்ற நிதி நிறுவனமும் சேர்ந்து அமைத்தது. அக்கரையிலிருந்து புதுச்சேரி எல்லை வரை சுமார் 113 கிலோமீட்டரை அது எடுத்துச் செப்பனிட்டது. 2002 மார்ச்சில் கட்டணம் வாங்க ஆரம்பித்தார்கள். உத்தண்டியிலும் அனுமந்தையிலும் சாவடி வந்தது. சின்ன ஊர் ரோடாக இருந்தது காசு கொடுத்துப் போகும் ரோடாயிற்று.

நல்லது நடக்கவில்லை என்று நான் சொல்லவில்லை. 2004 டிசம்பர் 26 காலையில் சுனாமி வந்தபோது அந்தக் குப்பங்களுக்கு அரிசியும் துணியும் மருந்தும் வந்து சேர்ந்தது இந்த ரோட்டின் வழியாகத்தான். பழைய சீப்புப் பல் ரோடுகள் மட்டும் இருந்திருந்தால் எத்தனை நாள் ஆகியிருக்குமோ. பிரசவ வலி கண்ட பெண்ணை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவும், மீனை ஐஸ் வைத்துச் சென்னைக்கு அனுப்பவும் ரோடு வேண்டும். அதே ரோட்டில் சனிக்கிழமை ராத்திரி பறக்கும் கார்களுக்கு நடுவே, இந்தப் பக்கம் வீடும் அந்தப் பக்கம் பள்ளிக்கூடமுமாக இருக்கும் பிள்ளை குறுக்கே நடக்க வேண்டும் என்பதும் உண்மை.

இனி எண் விவகாரம். பழைய தேசிய நெடுஞ்சாலை எண்களை நாம் மனப்பாடமாக வைத்திருந்தோம். நம் வீட்டுக்குப் பக்கத்து ஜி.என்.டி. ரோடு 5, ஜி.எஸ்.டி. ரோடு 45, பெங்களூர் ரோடு 4. அந்த எண்களுக்குள் ஓர் ஒழுங்கு கிடையாது, சேர்ந்த வரிசைப்படி வைத்தது மாதிரி இருக்கும். 2010 மார்ச் 5 தேதியிட்ட அரசிதழ் அறிவிப்பில் மத்திய அரசு நாடு முழுவதும் எண்களை மாற்றியது. இந்த முறையில் ஒரு கணக்கு இருக்கிறது. வடக்கு - தெற்காகப் போகும் சாலைகளுக்கு இரட்டைப்படை எண். அது கிழக்கே சிறியதில் ஆரம்பித்து மேற்கே போகப் போகப் பெரிதாகும். கிழக்கு - மேற்காகப் போகும் சாலைகளுக்கு ஒற்றைப்படை எண். அது வடக்கே சிறியதில் ஆரம்பித்துத் தெற்கே போகப் போகப் பெரிதாகும். அதனால்தான் காஷ்மீரத்தில் 1 இருக்கிறது, தனுஷ்கோடிக்கு 87 போகிறது. கிளைச் சாலைக்குத் தாய்ச் சாலையின் எண்ணுக்கு முன்னால் ஓர் இலக்கம் சேர்ப்பார்கள். 32இன் கிளைகள் 132, 232, 332 என்று போகும். பிறகு ஏ, பி என்று எழுத்து சேரும்.

இந்தக் கணக்கில் கொல்கத்தா ரோடான நம் 5, 16 ஆயிற்று. 5 என்ற எண் பஞ்சாபுக்குப் போய் சிம்லா வழியாகத் திபெத் எல்லைக்கு ஏறுகிறது. விழுப்புரத்திலிருந்து புதுச்சேரி, கடலூர், சிதம்பரம், காரைக்கால் வழியாக நாகப்பட்டினம் போன பழைய 45ஏ இரண்டாகப் பிரிந்தது. விழுப்புரம் - புதுச்சேரித் துண்டு 332, அதற்குத் தெற்கே 32. இந்த 32 கடலோரமாகவே தூத்துக்குடி வரை போகிறது. புதுச்சேரியிலிருந்து திண்டிவனம், செஞ்சி, திருவண்ணாமலை வழியாகக் கிருஷ்ணகிரி போன சாலைக்கு 66 என்று பெயர் இருந்தது. இன்று பேரன் கையிலிருக்கும் போனில் 66 என்று தேடினால் அது மங்களூரையும் கோழிக்கோட்டையும் காட்டும். அந்த எண்ணை மேற்குக் கரைச் சாலைக்குக் கொடுத்துவிட்டார்கள். இந்த வரிசையில்தான், புதுச்சேரிக்கு வடக்கே கடலோரமாக மாமல்லபுரம் வரைக்கும் இருந்த 49, 32இன் கிளைக்கிளையாக 332ஏ ஆயிற்று. அதை நான்கு வழியாக அகலப்படுத்தும் வேலை துண்டு துண்டாக நடக்கிறது.

கணக்கு அழகான கணக்கு, அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் மாநில எண் தேசிய எண்ணாக மாறும்போது என்னவெல்லாம் கூடவே மாறுகிறது என்று பாருங்கள். சாலையின் சொந்தக்காரர் மாறுகிறார். அதுவரை மாநில நெடுஞ்சாலைத் துறையின் கோட்டப் பொறியாளரிடம் கொடுத்த மனு இனி தேசிய நெடுஞ்சாலைகள் ஆணையத்தின் திட்ட அலுவலகத்துக்குப் போக வேண்டும். நிலம் எடுக்கும் சட்டம் மாறுகிறது. மாநில நெடுஞ்சாலைக்கு எடுத்தால் தமிழ்நாடு நெடுஞ்சாலைகள் சட்டம் 2001. தேசிய நெடுஞ்சாலைக்கு எடுத்தால் 1956ஆம் வருஷத்துத் தேசிய நெடுஞ்சாலைகள் சட்டம்.

இந்த 1956 சட்டத்தில் இரண்டு பிரிவுகளை மட்டும் நம்மைப் போன்றவர்கள் தெரிந்துகொண்டால் போதும். 3ஏ பிரிவின்படி, இன்ன நிலத்தை எடுக்க உத்தேசம் என்று அரசிதழில் அறிவிக்க வேண்டும். அதன் சாரத்தை இரண்டு உள்ளூர்ப் பத்திரிகைகளில், ஒன்று வட்டார மொழியில், வெளியிட வேண்டும். 3சி பிரிவின்படி, ஆட்சேபணை உள்ளவர்கள் 21 நாளுக்குள் எழுத்து மூலம் கொடுக்க வேண்டும். கொடுத்தால் உரிய அதிகாரி அவர்களை விசாரித்தே ஆக வேண்டும். 21 நாள் தாண்டினால் அந்தக் கதவு சாத்திவிடும். அதற்குப் பிறகு பேசக் கூடியது இழப்பீட்டுத் தொகையைப் பற்றித்தான்.

அந்த 21 நாளில் எண்ணின் விளையாட்டைச் சொல்கிறேன். கடற்கரைச் சாலையை ஒட்டிய ஓர் ஊரில் என் மனைவி வழி உறவினர் ஒருவர் இருக்கிறார். சவுக்கும் கொஞ்சம் மணிலாவும் போடுகிறவர். ஒரு சாவுக்கு வந்தவர் எங்கள் வீட்டில் இரண்டு நாள் தங்கினார். ஊரில் யாரோ அளந்துகொண்டு போனார்கள் என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னார்.

"பேப்பரில் ஏதாவது வந்ததா தம்பி?" என்று கேட்டேன்.

"வந்துது மாமா. டீக்கடையில பார்த்தேன். ஆனா அது நம்ம ரோடு இல்ல. ஏதோ முந்நூத்தி முப்பத்திரண்டுன்னு போட்டிருந்துது. நம்மது நாப்பத்தொம்போது. மைல்கல்லுலயே இருக்கே" என்றார்.

அந்தப் பத்திரிகையை வாங்கிவரச் செய்து பார்த்தேன். பொடி எழுத்தில் கிராமத்தின் பெயரும் அதன் கீழே புல எண்களும் இருந்தன. அவருடைய புல எண் நடுவில் இருந்தது. அறிவிப்பில் தவறு ஒன்றும் இல்லை, சட்டம் கேட்டபடிதான் இருந்தது. எந்த ரோடு என்று அவருக்குத் தெரிந்த பெயரில் சொல்லவில்லை, அவ்வளவுதான். வெளிவந்து பதினேழு நாள் ஆகியிருந்தது. அன்று ராத்திரியே அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். கிணறும் பம்புசெட்டும் எடுக்கப்போகும் பட்டையில் இருக்கின்றன என்பதையும், கிழக்கேயிருக்கும் மிச்ச நிலத்துக்கு வழி இல்லாமல் போகும் என்பதையும் மட்டும், வேறு புலம்பல் இல்லாமல், ஒரு பக்கத்தில் எழுதிப் பதிவுத் தபாலில் ஒப்புகை அட்டையோடு அனுப்பினோம்.

விசாரணைக்கு அழைப்பு வந்தது. அவர் போய்ச் சொன்னார். நிலம் போனது போனதுதான், ரோடு வளைந்துவிடவில்லை. ஆனால் கிணறு கணக்கில் ஏறியது. மிச்ச நிலத்துக்குப் போக வழி உண்டு என்று எழுத்தில் வந்தது. அதே ஊரில் அந்த அறிவிப்பைத் தன் ரோடு இல்லை என்று விட்டவர்கள் இன்னும் எத்தனை பேரோ. அவர்களுக்குப் படிப்பு இல்லாமல் இல்லை. அவர்களுக்கு 49 தெரியும், ஈ.சி.ஆர். தெரியும், அதற்கு முன்னால் மண் ரோடாக இருந்தபோது இருந்த பெயரும் தெரியும். 332ஏ என்று யாரும் அவர்களிடம் வந்து சொல்லவில்லை.

பிரெஞ்சுப் பள்ளியில் எனக்குச் சொல்லிக் கொடுத்த பூகோளத்தில் செய்ன் நதியும் லுவார் நதியும் இருந்தன, பாலாறு இல்லை. பாரிஸில் நோத்ர்தாம் கோவில் முன்னால் தரையில் ஒரு பித்தளைத் தகடு இருக்கிறது, பிரான்ஸின் தூரமெல்லாம் அங்கிருந்து அளக்கப்படுகிறது என்று வாத்தியார் சொன்னது நினைவிருக்கிறது. அந்த நாட்டில் 1811இல் நெப்போலியன் ஆணையிட்டுப் பெருஞ்சாலைகளுக்கு எண் போட்டான். பாரிஸிலிருந்து தெற்கே மத்தியதரைக் கடலுக்குப் போகும் 'நாசியொனால் 7' மிகவும் பேர்போன சாலை. கோடை விடுமுறைக்கு ஊரே அதில் போகும். சார்ல் த்ரெனே அதைப் பற்றி ஒரு பாட்டே பாடியிருக்கிறார்.

அங்கேயும் எண் மாறியது. ஆனால் எதிர்த் திசையில். 2004ஆம் வருஷத்துச் சட்டத்தின்படி 2006இல் சுமார் 18,000 கிலோமீட்டர் தேசியச் சாலைகளை மத்திய அரசு மாவட்டங்களிடம் கொடுத்துவிட்டது. 'என்' என்று இருந்த பலகைகள் 'டி' ஆயின. நாசியொனால் 7இல் பெரும்பகுதி இப்போது மாவட்டச் சாலை. ஜனங்கள் வாயில் மட்டும் இன்னும் நாசியொனால் 7தான். அங்கே ரோடு மேலேயிருந்து கீழே இறங்கி ஊர்க்காரர்களுக்குப் பக்கத்தில் வந்தது. இங்கே கீழேயிருந்து மேலே ஏறி அவர்களை விட்டு விலகுகிறது. இரண்டில் எது நல்லது என்று தீர்ப்புச் சொல்ல நான் யார். பாரிஸுக்குப் பணம் மிச்சம் பிடிக்க வேண்டியிருந்தது, நமக்கு அகலமான ரோடு வேண்டியிருக்கிறது. ஆனால் ஓரத்தில் இருப்பவனுக்கும் ரோட்டின் சொந்தக்காரனுக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்பதை எண் சொல்லிவிடுகிறது என்பது இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

நம் பக்கத்துக் கடற்கரைச் சாலையிலேயே இதைப் பார்க்கலாம். ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வழியாக எண்ணூருக்குப் போகும் ரோட்டில் ஒரு புறம் அலையைத் தடுக்கக் கொட்டிய கருங்கல், மறுபுறம் துறைமுகத்துக்குக் காத்து நிற்கும் கண்டெய்னர் லாரிகள். அதை அகலப்படுத்த எண்ணூர் - மணலி சாலைத் திட்டம் என்று ஒன்று வந்தது. தேசிய நெடுஞ்சாலைகள் ஆணையம், மாநில அரசு, சென்னைத் துறைமுகம், எண்ணூர்த் துறைமுகம் எல்லோரும் அதில் பங்காளிகள். நாலு பேர் சேர்ந்து சுமந்தால் பல்லக்கு நன்றாகப் போகும். ஆனால் விளக்கு எரியவில்லை, குறுக்கே நடக்க வழியில்லை என்று சொல்ல வேண்டும் என்றால் நாலு பேரில் யாரிடம் போவது? காசிமேட்டிலும் திருச்சினாங்குப்பத்திலும் இருப்பவர்களுக்கு இந்தக் கேள்வியை நான் விளக்க வேண்டியதில்லை.

அதனால் அனுபவத்தில் தெரிந்த நாலு விஷயங்களைச் சொல்லி முடிக்கிறேன். பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள்.

ஒன்று, மைல்கல்லின் தலையைப் பாருங்கள். மஞ்சள் என்றால் தேசிய நெடுஞ்சாலை. பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை. கறுப்பு அல்லது நீலம் என்றால் மாவட்டச் சாலை அல்லது நகரச் சாலை. ஆரஞ்சு என்றால் கிராமச் சாலை. உங்கள் ஊர் வாசலில் இருக்கும் கல்லுக்கு வேறு நிறம் பூசிவிட்டார்கள் என்றால் சொந்தக்காரர் மாறிவிட்டார் என்று அர்த்தம். அன்றிலிருந்து பேப்பரைக் கொஞ்சம் கவனமாகப் பார்க்க ஆரம்பியுங்கள்.

இரண்டு, நில எடுப்பு அறிவிப்பில் ரோட்டின் எண்ணைத் தேடாதீர்கள். கிராமத்தின் பெயரையும் உங்கள் புல எண்ணையும் தேடுங்கள். ரோட்டு எண் மாறும், புல எண் அவ்வளவு சுலபத்தில் மாறாது. பட்டாவின் நகலை எடுத்து, சட்டென்று கைக்கு வரும் இடத்தில் வையுங்கள்.

மூன்று, மனு எழுதும்போது பழைய எண், புது எண், ஜனங்கள் கூப்பிடும் பெயர், கிலோமீட்டர் கல் எண் நான்கையும் எழுதுங்கள். துறைக்காரர்களே தங்கள் ஆவணங்களில் பழைய 45ஏ, புதிய 332 என்று இரண்டையும் சேர்த்துத்தான் எழுதுகிறார்கள். நாம் எழுதக் கூடாது என்று சட்டம் இல்லை. "இது எங்கள் வரம்பில் இல்லை" என்று திருப்பி அனுப்ப ஒரு காரணம் குறையும். அப்படியும் திரும்பி வந்தால் அந்தப் பதிலைக் கிழிக்காதீர்கள். அதை இணைத்து அடுத்த அலுவலகத்துக்கு அனுப்புங்கள். அந்த அலுவலகம் மறுபடி முதல் அலுவலகத்துக்குத் தள்ளிவிட முடியாது.

நான்கு, பழைய பெயரை எழுதி வையுங்கள். உங்கள் ஊருக்கு வரும் ரோடு தார் போடுவதற்கு முன்னால் எது, அதில் எந்தப் புளியமரம், எந்தச் சாவடி, எந்த உப்பளம் அடையாளம் என்று ஒரு பழைய டைரியிலாவது குறித்து வையுங்கள். எல்லைத் தகராறு வரும்போதும், பாதை உரிமை கேட்கும்போதும் முதலில் விசாரிப்பது அதைத்தான். 'ஆதியில் இங்கே வழி இருந்ததா?' என்று அதிகாரி கேட்பார். அதற்குப் பதில் சொல்லக் கூடியவர்கள் எழுபது வயதுக்கு மேற்பட்ட நாம்தான், நம்மிலும் வருஷத்துக்குச் சிலர் குறைந்துகொண்டே வருகிறோம்.

என் உறவினர் ஊரில் இப்போது சாலை நான்கு வழியாக விரிந்துகொண்டிருக்கிறது. போன மாதம் போனில் பேசினார். மைல்கல்லில் மஞ்சள் பூசிவிட்டார்களாம். வழி உண்டு என்று எழுத்தில் வந்ததே, அந்த வழி இன்னும் தரையில் வரவில்லையாம். அடுத்த மனுவை எழுத ஆரம்பித்திருக்கிறோம். தலைப்பில் 332ஏ என்று எழுதி, பக்கத்தில் பழைய 49 என்றும் எழுதியிருக்கிறேன்.